அத்தை தூக்கிய இரண்டு கைகள்

"உங்க அத்தை மேடையில ரெண்டு கையையும் தூக்கிட்டாங்களாம். கீபோர்டு அதுபாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருந்துச்சாம். இருபத்தஞ்சு வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்காங்கன்னு பேசிக்கிறாங்க" என்றாள் என் மனைவியின் சித்தி மகள், போனில். அவள் அந்தக் கச்சேரிக்குப் போகவில்லை. அவள் முடிவெட்டிக்கொள்ளும் கடைக்காரிக்கு யாரோ சொன்னதாம். கடைக்காரியும் போகவில்லை. விசாரித்துக்கொண்டே போனால் கண்ணால் பார்த்தவர் என்று ஒருவரும் தேறவில்லை. விஷயம் மட்டும் கை கால் முளைத்து, கடல் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையலறைக்கு வந்துவிட்டது.

வெளிநாட்டில் இருப்பவனுக்குச் செய்தி பாதி வெந்துதான் வரும். மீதியை அவனே வேகவைத்துக்கொள்ள வேண்டும். நானும் வேகவைத்தேன். அத்தைக்கு வேலை போய்விட்டது, மாமா படுத்த படுக்கையாகிவிட்டார், வீட்டு வாசலில் ஆட்கள் நின்று கத்துகிறார்கள் என்று காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். பிறகுதான் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பதினோரு விநாடி. திறந்தவெளி மேடை, நாலு மணி வெயில். மேடையின் இடது மூலையில் அத்தை. கறுப்புச் சட்டை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிக் கயிறு. இரண்டு கைகளும் தோளுக்கு மேலே, விரல்கள் விரிந்தபடி. கீபோர்டுச் சத்தம் நிற்கவேயில்லை. கீழே ஆயிரத்து நானூறு பேர் கருத்துச் சொல்லியிருந்தார்கள். அவற்றில் கொஞ்சம் மரியாதையானது, "சூப்பர், பேய் வாசிக்குது" என்பது.

என் அப்பாவும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அத்தை அவருடைய ஒரே தங்கை. "அவகிட்ட நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"என்னப்பா சொன்னீங்க?"

"என்னமோ சொன்னேன். கேட்டாளா?"

யார் சொல்லியும் கேட்காதவள்தான் அத்தை. ஆனால் ஏமாற்றுக்காரி என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. காரணம், அவள் கீபோர்டு கற்றுக்கொண்ட கதை எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வயதில் ஒரு இசைக்கருவிக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தாள். அந்தக் காலத்துக் கீபோர்டுகளில் 'டெமோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் பெட்டி தானே ஆறு பாட்டுகளை வாசிக்கும். முதலாளி உத்தரவு போட்டார்: "ஆள் உள்ள வந்தா டெமோவை அமுக்கிடு. மேல விரலை மட்டும் அசைச்சுக்கிட்டு நில்லு. 'இந்தப் பொண்ணுக்கே வருது, நம்ம பிள்ளைக்கு வராதா'ன்னு வாங்கிட்டுப் போயிடுவாங்க." அத்தை ஒரு வாரம் அசைத்தாள். எட்டாம் நாள் ஒரு பெண்மணி, "எவ்வளவு நல்லா வாசிக்கிறே" என்று அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு அத்தையால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் முதல் மதிய இடைவேளையில் கதவைப் பாதி இறக்கிவிட்டு, டெமோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு வரியாகப் பிடித்தாள். நாலு மாதத்தில் ஆறு பாட்டும் கைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகு அந்தப் பொத்தான் பக்கமே அவள் விரல் போகவில்லை.

சில வருடம் கழித்து கிட்டார் கம்பி வாங்க ஒருவர் வந்தார். தோள் வரை முடி, பேச்சில் பெரிய மனுஷத்தனம். ராக் பேண்டு ஒன்று ஆரம்பிக்கப்போவதாகக் கேட்காமலே சொன்னார். அத்தை வாசிப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "டெமோதானே?" என்றார்.

அத்தை இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினாள். பெட்டி நின்றது. கைகளை இறக்கினாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி நின்றது.

"போதும், புரியுது" என்றார் அவர். கம்பியை மறந்துவிட்டு அத்தையைப் பேண்டுக்குச் சேர்த்துக்கொண்டு போனார். அவரைத்தான் எல்லோரும் 'தலைவர்' என்பார்கள். முதலில் கேலியாகச் சொன்னது, போகப்போக அவருக்கே பிடித்துவிட்டது.

பேண்டு சோறு போடாது என்பது முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டதால், அத்தை லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் மேஜையில் உட்கார்ந்தாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தினால் அழைப்பு அவளுக்கு வரும். போன் மணி மூன்றாவது முறை அடித்து முடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அங்கே அதுதான் சட்டம். எடுத்ததும் சொல்ல வேண்டியது: "பயப்படாதீங்க, நான் இருக்கேன். உள்ள எத்தனை பேர்?" இடது கையில் ரிசீவர், இடது முழங்கை மேஜை மேல், வலது கையில் பேனா. கால் நூற்றாண்டு இப்படியே. நாலாவது மணி அடிக்கவிட்டாள் என்று அவள் மேல் ஒரு புகாரும் கிடையாது. வீட்டில்கூட யாருடைய போன் அடித்தாலும் பாய்ந்து எடுத்துவிடுவாள். தவறான எண் என்றாலும் ஆறுதல் சொல்லித்தான் வைப்பாள். பேண்டுக்காரர்கள் அவளுக்கு 'லிஃப்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் வேறு கம்பெனியுடையது, வருடத்தில் பாதி நாள் ஓடாது. இருபத்திரண்டு கிலோ கீபோர்டை மாமாதான் தோளில் தூக்கிப் படியிறங்குவார். மாமா கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ராக் என்றால் அவருக்குத் தலைவலி. எல்லாக் கச்சேரிக்கும் வருவார், முதல் வரிசையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருவார்.

"பாட்டுத்தான் பிடிக்காதே, எதுக்கு மாமா முதல் வரிசை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவ விரல் தெரியணும்ல" என்றார்.

தொடக்கத்தில் அந்த விரல்கள் வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ராக் கேட்க வருகிறவர்களுக்குக் கிட்டார் வேண்டும், டிரம்ஸ் வேண்டும். மூலையில் நிற்கும் கீபோர்டு என்பது இலவச இணைப்பு. "அந்தப் பெட்டியை மூடுங்கக்கா!" என்று கத்துவார்கள். கத்திய திசையைப் பார்த்து அத்தை சத்தத்தை இன்னும் ஒரு படி ஏற்றுவாள். ஒரு கல்லூரி அரங்கில் காகித உருண்டை வந்து கீபோர்டு மேல் விழுந்தது. அதைப் பிரித்துப் படித்து, மைக்கை இழுத்து, "எழுத்துப்பிழை மூணு இருக்கு. திருத்திட்டு மறுபடி எறிங்க" என்றாள். அரங்கமே சிரித்தது, எறிந்தவனும்தான்.

பேண்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டு. அது பிறந்தது ஒரு லிஃப்டில். ஒத்திகைக்குப் போகும்போது அத்தை, தலைவர், டிரம்ஸ் வாசிக்கும் டிரைவிங் ஸ்கூல்காரர் மூவரும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பொத்தானை அழுத்தியதும் அத்தையின் பக்கத்து மேஜைக்காரி எடுத்து, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றாள். "அடியே, நான்தான்டி" என்றாள் அத்தை. ஆள் வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் கைப்பிடிக் கம்பியில் இடது கையால் தட்டித்தட்டி அத்தை எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரு ஓட்டத்தைக் கண்டுபிடித்திருந்தாள். கீழ்ச்சுரத்தில் சுண்டுவிரல், அங்கிருந்து படிப்படியாக ஏறி உச்சியில் கட்டைவிரல், பிறகு திரும்பக் கீழே. அந்த எட்டுச் சுரம்தான் பாட்டின் தொடக்கம். கிட்டாரும் டிரம்ஸும் சேரும்வரை, கொஞ்ச நேரத்துக்கு, அந்த இடது கை மட்டும்தான் மேடையில் இருக்கும். ஒலிநாடா அட்டையில் 'இசை: தலைவர்' என்று அச்சாகியிருந்தது. அத்தை சண்டை போடவில்லை. "அட்டையில யாரு பேரு வேணா இருக்கட்டும். அந்த எட்டும் என் கையிலதான இருக்கு" என்றாள்.

போன வருடம் அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது. இடது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போயின. வருடக்கணக்காக மேஜையில் ஊன்றிய முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை நடந்தது. உணர்ச்சி பாதி திரும்பலாம், ஒரு வருடம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். அத்தை வீட்டுக்கு வந்ததும் தலைவர் பழக்கூடையோடு வந்தார்.

"கவலைப்படாத லிஃப்ட். உன் இடது கை வாசிப்பு பழைய ரெக்கார்டிங்ல தனியா இருக்கு. சவுண்டுக்காரர் அதை டிராக்கா ஓட்டிடுவார். வலது கையை நீ வாசி. இடது கையைச் சும்மா அசைச்சுக்கிட்டு இரு. யாருக்கும் தெரியாது."

'சும்மா அசைச்சுக்கிட்டு இரு' என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தைக்குக் கடை ஞாபகம் வந்ததாம். இருந்தாலும் கட்டுப்போட்ட கையோடு என்ன பேசுவது? மூன்று கச்சேரிக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டாள். அந்த மூன்றிலும் மாமா முதல் வரிசையில் உட்காரவில்லை. கீபோர்டை இறக்கி வைத்துவிட்டு வெளியே வண்டியிலேயே இருந்துகொண்டார். அத்தையும் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்காமல் அவள் செய்தது வேறு. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்த எட்டுச் சுரத்தை மூன்று விரலுக்கு மாற்றி அமைத்தாள். நடுவிரல் கீழ்ச்சுரத்தை அடிக்கும். பிறகு கை முழுதும் தாவி மேலே போக வேண்டும். அந்தத் தாவலில் கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு இடைவெளி விழும். பழைய ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும், இது ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நொண்டும். நாலாவது கச்சேரிக்கு முன் ஒத்திகையில் வாசித்துக் காட்டினாள்.

"நொண்டுதே" என்றார் தலைவர்.

"நொண்டட்டும். நடக்குதுல்ல?"

"வெள்ளிவிழாக் கச்சேரி வருது, லிஃப்ட். டிராக்கே இருக்கட்டும்."

மூன்று என்ற பேச்சு நாலானது இப்படித்தான். அந்த நாலாவது கச்சேரியில்தான் கைகள் மேலே போயின.

நடந்தது இது. தலைவருக்கு இப்போது குரல் முன்போல ஏறுவதில்லை. கச்சேரிக்கு முந்தின நாள் அந்தப் பாட்டை ஒரு சுரம் கீழே இறக்கிவிட முடிவு செய்தார். கிட்டார்காரர்களிடம் சொன்னார், கம்பியைத் தளர்த்திக்கொண்டார்கள். அத்தையிடம் சொன்னார், அவள் கீபோர்டின் சுருதியை இறக்கி வைத்துக்கொண்டாள். சவுண்டுக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டார். டிராக் பழைய சுருதியிலேயே இருந்தது.

மேடையில் டிராக் தொடங்கிய முதல் சுரத்திலேயே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. தன் கை தனக்குத் தெரியாதா? சவுண்டுக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் குனிந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். கிட்டார்கள் சேர்ந்தன. ஒரே பாட்டு இரண்டு சுருதியில், பூனையும் நாயும் ஒரே சாக்கில் கிடப்பது மாதிரி. நிறுத்தியிருக்க வேண்டியவர் டிரம்ஸ்காரர். அவர் காதில் மாட்டிய இயர்போனில் டிராக்கோடு சேர்ந்து டிக் டிக் என்று தாளம் மட்டும் ஓடும், வெளிச்சத்தம் அவ்வளவாகக் கேட்காது. "ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லித்தர்ற மனுஷன், அன்னைக்கு ஒரு பிரேக் போடல" என்றாள் அத்தை என்னிடம்.

தலைவர் பாடுவதை நிறுத்தினார். திரும்பி அத்தையைப் பார்த்தார். மைக்கில் சொன்னார்: "மேடம் இன்னைக்கு வேற ஏதோ பாட்டு வாசிக்கிறாங்க போல!"

கூட்டம் சிரித்தது. அத்தைக்கு எட்டு நாள் அசைத்த கை, தொடப்பட்ட கன்னம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. கையைத் தூக்கினாள். இரண்டையும். நான் இல்லை, பாருங்கள் என்று.

பதினோரு விநாடியில் இதில் எதுவும் இல்லை. கை இருக்கிறது, சத்தம் இருக்கிறது. ஊர் கூட்டிக் கழித்துக் கணக்கை முடித்துவிட்டது.

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே வீடியோ அழைப்பில் சொன்னாள். அவளுக்கு அங்கே மாலை ஐந்தே கால். போனைக் கீபோர்டின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். பின்னால் துணி காயும் கொடி, கதவோரம் நாற்காலியில் மாமா. நான் பயந்த மாதிரி யாரும் படுத்திருக்கவில்லை. மாமா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"தலைவர் எதுவும் விளக்கம் சொல்லலையா அத்தை? தப்பு அவரோடதுதானே?"

"சொன்னார் மருமகனே. காலையில கூப்பிட்டுச் சொன்னார். 'ஆபரேஷனுக்கப்புறம் மாத்திரை மயக்கத்துல கை தவறிடுச்சுன்னு நீ ஒரு வரி எழுதிப் போட்டுடு, எல்லாம் அடங்கிடும்'னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாத்திரையை நிறுத்தி ஏழு மாசம் ஆச்சுன்னேன்."

மாமா ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு, "மிச்சத்தையும் சொல்லு" என்றார்.

மிச்சம் இதுதான். வெள்ளிவிழாக் கச்சேரிக்கு மூன்று வாரம் இருந்தது. அத்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். டிராக் கிடையாது, அந்தத் தொடக்கத்தைத் தன் மூன்று விரலால், எல்லோர் எதிரிலும் வாசிப்பாள். தலைவரும் ஒரு நிபந்தனை வைத்தார். மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவார். எடுத்து, டிராக்கோடு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எடுக்காவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார். இளைஞர், பத்து விரலும் வேலை செய்கிறவர்.

"அத்தை, யோசிச்சுப் பாருங்க. இது போச்சுன்னா உங்களுக்கு வேற மேடை எங்க? அந்த வீடியோதானே கடைசியா நிக்கும்? ஒரு கச்சேரி. டிராக்கோட போய் நின்னுட்டு வந்துடுங்க. கௌரவமா முடிஞ்சிடும்."

"உங்க அப்பன் அப்பவே சொன்னது இதைத்தான்டா" என்றாள் அத்தை. "'கடையில நல்ல வேலை, அசைச்சுக்கிட்டு நின்னா சம்பளம், எதுக்கு ரிஸ்க்'னான். அவனுக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கல."

"கோபத்துல முடிவெடுக்காதீங்க."

"கோபம் இல்லாம எடுக்கணும்னா நான் எப்ப எடுக்கிறது? எனக்கு அம்பத்து மூணு ஆச்சு." கண்ணாடியைக் கயிற்றோடு மூக்கில் ஏற்றிக்கொண்டாள். "நொண்டுற கைன்னு எவனாவது சிரிச்சா சிரிக்கட்டும். என் கையைப் பார்த்துச் சிரிக்கட்டும். ரெக்கார்டிங்கைப் பார்த்துக் கைதட்டினா அது எனக்கா?"

மாமா எழுந்து பட்டாணித் தட்டை உள்ளே வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீபோர்டுக்கு நேர் எதிரே, விரல் தெரியும் இடத்தில் போட்டு உட்கார்ந்தார். பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அத்தை தொடங்கினாள். நடுவிரல் கீழே. தாவல். கண் இமைக்கும் நேரத்துக்கு ஒன்றுமில்லை. பிறகு மேலே ஏறியது. மறுபடி கீழே. ஆயிரம் முறை கேட்ட எட்டுச் சுரம்தான். நான் இதுவரை கேட்காத எட்டுச் சுரமாகவும் இருந்தது. மாட்டிக்கொண்ட லிஃப்டை யாரோ கையால் இழுத்து, ஒவ்வொரு மாடியாக ஏற்றுகிற மாதிரி இருந்தது. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் தவறிவிடுவாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் கை சரியான இடத்தில் போய் விழுந்தது.

ஆறு மணி. மாமாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. அத்தையின் போனில் நான் இருந்ததால் தலைவர் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார். மாமா போனைப் பையிலிருந்து உருவித் திரையைப் பார்த்து, அத்தைக்கு ஒருமுறை காட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அத்தையின் தோள் ஒருமுறை துடித்ததைப் பார்த்தேன். மூன்றாவது மணி அவள் உடம்பிலேயே ஊறிப்போனது. கை மட்டும் விலகவில்லை.

நாலு. ஐந்து.

"அத்தை, போன்!" என்று நான் கத்திவிட்டேன்.

"காது கேக்குதுடா. பாட்டு முடியட்டும்."

போன் நின்றது. அறையில் பாட்டு மட்டும். முடிந்தது, வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு சுற்று போயிருக்கும். மாமாவின் மடியில் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அதே எண்.

அத்தை வாசித்துக்கொண்டே மாமாவைப் பார்த்தாள். மாமா அத்தையைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

"அந்தப் பத்து விரல் ஆளு கிடைக்கல போலிருக்கு" என்றாள் அத்தை. "ரெண்டாவது தடவை அடிக்கிறார் பார்."

"எடுத்துப் பேசிடுங்க அத்தை. ஒருவேளை ஒத்துக்கிறாரோ என்னவோ."

"ஒத்துக்கிறவர் பாட்டு முடியறவரைக்கும் காத்திருப்பார். ஒத்துக்காதவர்கிட்ட பேசி என்ன?" என்றவள், ஏதோ நினைவு வந்தவள்போல என் பக்கம் திரும்பினாள். "ஆமா, உன் பொண்டாட்டியோட சித்தி மக என்னமோ சொன்னான்னியே. நல்லாப் பார்த்துக்கோ. அவகிட்டயும் சொல்லு."

இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினாள்.

கீபோர்டு நின்றது. மடியில் போன் அடிக்கும் சத்தம் மட்டும் அறை முழுக்க ஓடியது. மூன்று விரல் நேராக, இரண்டு விரல் கொஞ்சம் மடங்கி, அந்த இடது கை திரையில் அசையாமல் நின்றது.

பிறகு கைகள் இறங்கின. பாட்டு விட்ட இடத்திலிருந்து, நொண்டிக்கொண்டே, மேலே ஏறியது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.